வலப்பக்கம் மேலே

சித்திரக்கதையின் பதினேழாம் பக்கத்தில் குளத்துப் பேய்ப் பெண்ணின் கிமோனோ மடிப்பு மாறியிருந்தது. பிணத்துக்கு உடுத்துகிற மாதிரி வலப்பக்கத் துணி மேலே வரும்படி வரைந்து, மை காய்ந்த பிறகுதான் நேற்று சிகுசா எழுந்து போனாள். இன்றைக்கு இடப்பக்கம் மேலே. உயிரோடிருப்பவர்கள் கட்டுகிற மாதிரி.

பத்திரிகை ஆசிரியர் தோரியுமி தொலைபேசியில் சிரித்தார். "என்னம்மா இது? தனக்குப் பதிலா ஒருத்தியைத் தண்ணிக்குள்ள நிறுத்தினாத்தான் அவ கரையேற முடியும். அதுதானே கதை? நீங்க இப்பவே ஏத்தி விட்டுட்டீங்களே!"

"என் கண்ணு போச்சு சார். ராத்திரிக்குள்ள திருத்திடறேன்."

மடிப்பின்மேல் வெள்ளை மை பூசிவிட்டுக் காத்திருந்தாள். கோயில் திடலில், செத்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் திருவிழாவின் ஆட்டத்துக்கு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். சிள்வண்டுகளின் இரைச்சலும் கொசுவர்த்திப் புகையும் ஜன்னல் வழியே வந்து கலந்தாலும், அவற்றுக்கெல்லாம் அடியில், காகிதத்திலிருந்தே எழுவதுபோல, பாசி அழுகிய வாடை ஒன்று மெல்ல மெல்ல அறையை நிறைத்தது. வெள்ளை மை காயவே இல்லை.

குளத்துப் பெண்ணுக்கு அவள் வைத்தது தன் மகள் கொனோமியின் முகம். போன ஞாயிற்றுக்கிழமை குளியலறையில் மகளை நனைத்து, வெள்ளைக் கிமோனோவை வலப்பக்கம் மேலே வைத்துக் கட்டி, கைப்பேசியில் படம் எடுத்திருந்தாள்.

"பெரியம்மா பாத்தா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாம்மா. உயிரோட இருக்கறவளுக்கு யாராவது இப்படிக் கட்டுவாங்களா?"

"ரெண்டு நிமிஷம்டி. தலையைச் சாய்."

"இன்னும் சாய்க்கணுமா?"

"கொஞ்சம். செத்தவ மாதிரி."

தன் வாயாலேயே சொல்லியிருந்தாள்.

கைப்பேசியைத் திறந்தாள். படத்திலும் இடப்பக்கம் மேலே. படம்தான் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலமாகத் திரும்பிவிட்டதோ என்று பார்த்தால், பின்னால் தொங்கிய நாட்காட்டியின் எழுத்துகள் நேராகவே இருந்தன.

மறுபடி பக்கத்தைப் பார்த்தாள். வெள்ளைத் துணி நீலமாகிக்கொண்டிருந்தது. கறுப்பு மை தவிர வேறெதுவும் படாத காகிதம் அது. முழங்காலருகே ஒரு சிவப்புப் புள்ளி. பிறகு இன்னொன்று. வால் முளைத்தது.

தங்கமீன்கள்.

ஐந்து மணிக்கு ஆட்டத்துக்குக் கிளம்பிய கொனோமி உடுத்தியிருந்தது நீலக் கிமோனோ. சிவப்புத் தங்கமீன் போட்டது. சிகுசாதான் கட்டிவிட்டாள். இடப்பக்கம் மேலே. இரண்டு தடவை சரிபார்த்தாள்.

கைப்பேசியில் மகளை அழைத்தாள். மணி அடித்தது. எடுத்தார்கள். தண்ணீர்ச் சத்தம்.

மேளம் நின்றது.

வாசற்கதவு நகர்ந்தது.

"வந்துட்டேம்மா."

கொனோமியின் குரல்தான். செருப்பு கழற்றும் சத்தம் இல்லை. நடையில் ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று.

சிகுசா திரும்பவில்லை. காகிதத்தில் மகளின் வாய் திறந்துகொண்டிருந்தது. மார்பில் நீலத் துணி இப்போது வலப்பக்கம் மேலே. விரல்கள் உள்ளிருந்து தாளை அழுத்தின. தாள் புடைத்தது. அடங்கியது. மறுபடி புடைத்தது.

காலடி அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பாசி வாடை.

திரும்பினாள்.

வெள்ளைக் கிமோனோ. இடப்பக்கம் மேலே, கச்சிதமாக. மடிப்பின்மேல் அவள் பூசிய வெள்ளை மை, இன்னும் காயாமல், சொட்டிக்கொண்டிருந்தது.

மகளின் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இன்னும் சாய்க்கணுமா, அம்மா?"