முன்பக்கம் இரண்டு கட்டை

வில்லுக்குறியில் ராகேலுக்கும் பூங்கனிக்கும் அந்த வருடம் முழுக்கக் கார் பேச்சுதான். 1953-ஆம் வருடம் அது. இருவரும் ஆறாம் வகுப்பு, ஒரே பெஞ்சு.

ராகேலின் அப்பா ராஜையன், நாகர்கோவிலில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறையில் மரவேலை செய்தார். ஒருநாள் அவர் ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு சிவப்புப் பந்தயக் கார். நீண்ட மூக்கு, தாழ்ந்த முதுகு. சும்மா நிற்கும்போதே ஓடுவதுபோல இருந்தது.

"இதே மாதிரி நாம ஒண்ணு செய்வோமா?" என்றாள் ராகேல்.

"ஏட்டி, எஞ்சினுக்கு எங்க போவ?"

"எஞ்சின் எதுக்கு? சர்ச்சு மேட்டுல கொண்டு விட்டா தானா ஓடும்."

பழைய பங்களாவின் பின்னால் உடைந்த குழந்தை வண்டி ஒன்று கிடந்தது. தோட்டக்காரரிடம் கேட்டு அதன் நான்கு சக்கரங்களையும் வாங்கிக்கொண்டார்கள். மரம்தான் வேண்டும்.

"ஆஞ்சிலிக் கட்டை நான் தாறேன்" என்றார் ராஜையன். "ஆனா ஒரு தடவைதான். முதல்ல சேசியைப் படமா வரச்சுக் காட்டுங்க. சேசின்னா வண்டிக்க எலும்புக்கூடு. அது சரியில்லைன்னா மேல என்ன வச்சாலும் நிக்காது."

பூங்கனியிடம் நோட்டு இல்லை. அதனால் ராகேலின் நோட்டிலேயே இருவரும் ஆளுக்கொரு படம் வரைந்தார்கள்.

ராகேலின் சேசியில் நடுவே ஒரே ஒரு நீளக் கட்டை. முன்னால் ஒரு குறுக்குக்கட்டை, பின்னால் ஒரு குறுக்குக்கட்டை. அதன்மேல் அந்தப் பந்தயக் காரையே உட்கார வைத்திருந்தாள். அவ்வளவு அழகு!

பூங்கனியின் சேசி ஏணியைக் கீழே படுக்கப் போட்டதுபோல இருந்தது. இரண்டு நீளக் கட்டைகள், இடையே குறுக்குக்கட்டைகள். முன்பக்கம் மட்டும் இரண்டு குறுக்குக்கட்டைகள் ஒட்டி ஒட்டி நின்றன.

அன்று சாயங்காலம் அப்பா நோட்டைப் புரட்டினார். ராகேலின் படத்தைப் பார்த்து, "நல்லாருக்கு. ஆனா ஆள் ஏறினா நடுவுல ஒடிஞ்சிரும்" என்றார். அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட! லாரி சேசியேதான் இது! இதையும் நீதான் வரச்சியா மக்கா?"

அப்பா அப்படிச் சிரித்து ராகேல் பார்த்ததே இல்லை. அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் தலை, ஆமாம் என்று ஆடிவிட்டது.

மறுநாள் பள்ளிக்கூட வாசலிலேயே பூங்கனி பிடித்துக்கொண்டாள். "எந்தப் படம்?"

"ஒனக்க படம்தான்."

பூங்கனி ஒரு குதி குதித்தாள். "நான் வரச்சதுன்னு அப்பாட்ட சொன்னியா?"

"சொன்னேன்" என்றாள் ராகேல்.

முதல் பொய்க்குத் தலை மட்டும் ஆடியது. இரண்டாவது பொய்யை வாயே சொல்லிவிட்டது.

வேலை தொடங்கியது. பள்ளி விட்டதும் இருவரும் கட்டைகளை அளந்தார்கள், அறுத்தார்கள், ஆணி அடித்தார்கள். பூங்கனி பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தாள். அவள் சிரிக்கும்போதெல்லாம் ராகேல் குனிந்து, கீழே சிந்தாத ஆணிகளைப் பொறுக்குவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பட்டறை மேஸ்திரி பொன்னுலிங்கத்தை அழைத்து வந்தார். கையில் சிவப்புப் பெயிண்டும் ஒரு தூரிகையும் இருந்தன.

"பாத்தீரா மேஸ்திரி? எல்லாம் எனக்க மக வரச்ச சேசி. இதுல அவ பேரை எழுதப் போறேன்."

பூங்கனியின் கையிலிருந்த சுத்தியல் நின்றது. அவள் ராகேலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

மேஸ்திரி குனிந்து சேசியைத் தட்டிப் பார்த்தார். "பலே! ஆமா, முன்பக்கம் மட்டும் ஏன் ரெண்டு கட்டை போட்டே மக்களே?"

ராகேலுக்குப் பதில் தெரியாது. 'அழகுக்கு' என்று சொல்லலாம். 'சும்மா' என்று சொல்லலாம். அப்பா சிரித்தபடி காத்திருந்தார்.

"எனக்குத் தெரியாது மாமா" என்றாள் ராகேல். "நான் வரையல்ல. இது பூங்கனி வரச்சது. அப்பா, நான் பொய் சொல்லிட்டேன். இவகிட்டயும் பொய் சொன்னேன்."

அப்பாவின் சிரிப்பு மெல்ல அணைந்தது. அவர் திட்டவில்லை. தூரிகையைக் கீழே வைத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று ராகேலுக்குத் தோன்றியது.

மேஸ்திரி பூங்கனி பக்கம் திரும்பினார். "அப்போ நீ சொல்லு."

"முன் சக்கரத்துல கட்டின கயிறை இழுத்து வண்டியைத் திருப்பும்போது பலம் எல்லாம் முன்னாலதான் விழும்" என்றாள் பூங்கனி, தரையைப் பார்த்தபடியே. "எங்க வீட்டுக் கட்டில்ல தம்பி குதிச்சுக் குதிச்சு ஒரே இடத்துல ஒடிச்சான். அப்பா அங்கன ரெட்டைக் கட்டை போட்டாவ. இனி குதிச்சா தம்பிதான் ஒடிவான்."

மேஸ்திரி விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் பூங்கனி சிரிக்கவில்லை. சுத்தியலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ராகேல் பின்னாலேயே போனாள். பூங்கனி முற்றத்தில் உட்கார்ந்து ஓலை கிழித்துக்கொண்டிருந்தாள்.

"நான் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றாள் பூங்கனி.

"ஆமா."

"ஏன் சொல்லல்ல?"

"அப்பா அந்தப் படத்தைப் பாத்து அப்படிச் சிரிச்சாவ. அந்தச் சிரிப்பு எனக்கு வேணும்போல இருந்துது."

பூங்கனி இரண்டு ஓலை கிழித்தாள். மூன்றாவதும் கிழித்தாள்.

"நான் உங்கூடப் பேச மாட்டேன்" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "நாளைக்குக் காலம்பற வரைக்கும்" என்றாள்.

ராகேல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். அந்த ராத்திரி நீளமாக இருந்தது.

காலையில் பூங்கனி வந்தாள், நோட்டைக் கேட்டாள். ராகேலின் படத்தை எடுத்துச் சேசியின்மேல் விரித்தாள்.

"மேல்கூடு இதுமாதிரி இருக்கணும். எனக்கு மூக்கு வரைய வராது. வண்டி ஏணி மாதிரியே போனா ஊரே சிரிக்கும்."

"அப்ப பேர்?"

"ரெண்டு பேரையும் எழுதணும். எனக்க பேரு முதல்ல."

ராகேல் தூரிகையை எடுத்துத் தானே எழுதினாள். முதல் பேரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள்.

அடுத்த ஞாயிறு, சர்ச்சு மேட்டில் சிவப்புக் கார் நின்றது. அப்பாவும் மேஸ்திரியும் இறக்கத்தின் அடியில் காத்து நின்றார்கள். பூங்கனி உள்ளே உட்கார்ந்து கயிற்றைப் பிடித்தாள்.

"திருப்பத்துல ஒடிஞ்சிராதே?" என்றாள் ராகேல்.

"ஏட்டி, முன்பக்கம் ரெண்டு கட்டை! தள்ளு!"

ராகேல் இரண்டு கைகளையும் ஊன்றி, முழுப் பலத்தையும் கொடுத்துத் தள்ளினாள்.