மொட்டை மாடியில் அறுபத்திரண்டு படங்கள்

சுபிக்ஷா கதவைத் திறந்தாள். ரோஹிணி அக்காவின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. கையிலிருந்த தடித்த கறுப்பு ஃபைலைத் தொப்பென்று நாற்காலியில் போட்டாள்.

டிசைன் படித்து முடித்த அக்காவுக்கு இது மூன்றாவது இன்டர்வியூ.

“என்னடி ஆச்சு?” என்றாள் அம்மா.

“எட்டே பக்கம்மா! படபடன்னு பொரட்டிட்டு மூடிட்டார். வெளியில நாப்பது பேர் ஃபைலோட நிக்கறாங்க.”

“நீ வரைஞ்சதைப் பார்த்துமா மூடிட்டார்?”

“அது பத்தொன்பதாம் பக்கத்துலதானே ஆரம்பிக்குது!”

எல்லோரும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். துறைமுக ஆபீசில் வேலை செய்யும் அப்பாதான் ஃபைலைத் தயார் செய்தவர். முதல் பதினெட்டுப் பக்கமும் சர்டிஃபிகேட். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து, முத்திரை. மூன்றாம் வகுப்பில் எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்தில் ஜெயித்ததைக்கூட விடவில்லை.

“எங்க ஆபீஸ்ல ஒரு பேப்பர் குறைஞ்சாலே திருப்பி அனுப்பிடுவோம்...” என்று அப்பா முனகினார்.

“சர்டிஃபிகேட்டை எடுத்துடலாம்ப்பா. ஆனா படம் அறுபத்திரண்டு இருக்கே! ஒண்ணையும் விட எனக்கு மனசு வரலை. நாளன்னைக்கு அலிப்பூர்ல கடைசி இன்டர்வியூ. அதுவும் போச்சுன்னா நான் பேங்க் பரீட்சை எழுதப் போறேன்.”

சுபிக்ஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாப்பாட்டுத் தட்டில் சாம்பாரைத் தொட்டுப் பூ வரைகிற அக்காவா இப்படிச் சொல்கிறாள்?

அன்று முழுக்க அவளுக்கு அதே யோசனை. படபடவென்று பார்த்துவிட்டு அனுப்புவதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே!

பூஜைப் பந்தல்! போன வருஷம் துர்க்கா பூஜைக்குப் பெஹாலாவில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றார்கள். துர்க்கையின் முன்னால் போனதும் பந்தல் போட்ட கிளப்பு அண்ணன்கள் விசில் ஊதி, வங்காளியில் “எகியே ஜான்! நகருங்க, நகருங்க!” என்று விரட்டிவிட்டார்கள். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆனாலும் துர்க்கை ஏறியிருந்த சிங்கத்தின் கண்கள் சுபிக்ஷாவுக்கு இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், கீழ்வீட்டு தீபக்கும் சுபிக்ஷாவும் ஃபைலை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். வீடு வீடாகத் துணி கிளிப் வாங்கி, அறுபத்திரண்டு படங்களையும் கொடியில் மாட்டினார்கள்.

பிறகு ஆட்களைக் கூப்பிட்டார்கள். அம்மா, தீபக்கின் அம்மா, மாடிவீட்டு வைத்தீஸ்வரன் மாமா, பாத்திரம் தேய்க்கும் மாலதி மாஷி. தீபக் விசில் ஊதினான்.

“இருடா, கண்ணாடி போட்டுக்கறேன்!” என்றார் மாமா.

“நிக்கக் கூடாது மாமா. எகியே ஜான்!”

“என்னடா இது, ஆட்டை ஓட்டற மாதிரி ஓட்டறே!”

ஒரே நிமிஷத்தில் எல்லோரும் வரிசையைக் கடந்துவிட்டார்கள். “எது எது ஞாபகம் இருக்கு? படத்தைப் பார்க்காமச் சொல்லுங்க” என்று கேட்டு, சுபிக்ஷா நோட்டில் எழுதிக்கொண்டாள்.

படியேறி வந்த அக்கா அப்படியே சிலையாக நின்றாள்.

“ஐயோ! என் படமெல்லாம் துணிக்கொடியிலயா?”

நோட்டைப் பிடுங்கினாள். கிழிக்கப் போனவள், எழுதியிருந்ததைப் பார்த்துத் திகைத்தாள். பதினைந்து நாள் உட்கார்ந்து வரைந்த தங்க மயில் கல்யாணப் பத்திரிகையை ஒருவர்கூடச் சொல்லவில்லை. நாலு பேரும் சொன்னது ஒரு மருந்துக் கவரை.

“இதுவா? அரை மணியில போட்டதாச்சே!”

மாலதி மாஷி கொடியிலிருந்த கவரைத் தொட்டுக் காட்டி வங்காளியில் சொன்னாள். “எனக்குப் படிக்கத் தெரியாது. கடையில குடுக்கற கவரைப் பார்த்தா ஒண்ணும் புரியாது. இதுல சூரியன் இருக்கு, காலையில சாப்பிடணும். நிலா இருக்கு, ராத்திரி சாப்பிடணும். அவ்வளவுதானே?”

அக்கா சுடுதரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என் மயிலை யாருமே பார்க்கலையா?”

“பார்த்தேம்மா,” என்றார் மாமா தயங்கி. “கோழிக்கடை விளம்பரம்னு நினைச்சேன்.”

அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சுபிக்ஷா மயிலைக் கழற்றி, கசங்காமல் சுருட்டினாள். “இது நம்ம ஹால்ல மாட்டறதுக்குக்கா. ஆபீசுக்கு வேண்டாம்.”

இரண்டு பேராவது சொன்ன படங்கள் ஏழு. அவை மட்டும் ஃபைலுக்குள் போயின. மருந்துக் கவர் முதல் பக்கம். அதன் கீழே மாஷி சொன்னதை அக்கா இரண்டே வரியில் எழுதினாள்.

அலிப்பூருக்கு அப்பாவும் சுபிக்ஷாவும் துணைக்குப் போனார்கள். பெஞ்சில் எல்லோர் மடியிலும் தலையணை மாதிரி ஃபைல்கள்.

“ஏழே ஏழா! மிச்சத்தைப் பஸ்ஸில விட்டுட்டு வந்துட்டான்னு நினைக்கப் போறாங்க” என்று அப்பா கையைப் பிசைந்தார்.

கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே தெரிந்தது. இன்டர்வியூ எடுத்த மேடம் அக்காவின் ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்தைத் திருப்பவே இல்லை. எதையோ கேட்டார். அக்கா கையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னாள். பிறகு மளமளவென்று ஏழு பக்கம். டப்பென்று மூடினார்.

சுபிக்ஷா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

மேடம் பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டார். ஃபைலை மறுபடி முதலிலிருந்து திறந்தார்!

சற்று நேரத்தில் அக்கா வெளியே ஓடி வந்தாள். “திங்கட்கிழமைலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க! இன்னும் ஒரே ஒரு இடம்தான் பாக்கியாம்.”

அப்பா சந்தோஷத்தில் அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். சுபிக்ஷாவோ பெஞ்சைப் பார்த்தாள். அங்கே ஓர் அக்கா, தடித்த ஃபைலை நெஞ்சோடு அணைத்து, நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சுபிக்ஷா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“தீதி, உங்க முறை வர இன்னும் நேரம் இருக்கு. எனக்கு ஒரே ஒரு நிமிஷம் காட்டறீங்களா? எது எது ஞாபகம் நிக்குதுன்னு சொல்றேன்” என்று வங்காளியில் கேட்டாள்.

அவள் ஆச்சரியத்தோடு ஃபைலைத் திறந்தாள். சுபிக்ஷா அறுபது எண்ணத் தொடங்கினாள்.