வளைவோரத்து ஸ்டூல்கள்

எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? முட்டி வலிக்காரர்களைத் தனியாக விசாரிக்கிறேன். உட்கார்ந்தால் எழ முடியாது, நின்றால் உட்கார இடம் தேட வேண்டும்... இந்தக் கதையில் அந்த வலிக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதனால் வசதியாகச் சாய்ந்துகொண்டே படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறையில் இருந்த பிளாஸ்டிக் ஸ்டூல்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் மருமகள். மாமியார் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"ஏன்டி, இந்த வீட்டுல மனுஷங்க உக்கார வேண்டாமா?"

"சாயங்காலம் கொண்டு வந்துடறேன் அத்தை."

"போன வாரமும் இதையேதான் சொன்ன. ஒண்ணு கால் உடைஞ்சு வந்துச்சு. ஸ்டூலச் சொல்றேன். உன் காலு நல்லாத்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஆனா நிக்க மாட்டேங்குது."

மருமகள் குனிந்து முடிச்சை இறுக்கினாள்.

அவள் கணவன் மோட்டார் சைக்கிள் பந்தயக்காரன். வீட்டுக்குச் சின்னவன். போன வருஷம் டிராக்கின் கடைசி வளைவில் அவன் வண்டி சறுக்கியது. சறுக்கிக்கொண்டே போய், ஓரத்தில் கம்பிவேலியைத் தாங்கும் சிமெண்ட் தூணில் மோதினான். ஆஸ்பத்திரி வரைக்கும் உயிர் இருந்தது. அங்கே போனதும் இல்லை.

அன்று காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சண்டை. 'இந்த வருஷத்தோடு விட்டுவிடுங்கள்' என்று இவள் சொல்ல, அவன் சிரித்து மழுப்ப, இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி ஓட்டப் போறவனை மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு அனுப்பினா. அதே நெனப்புல போய் என் புள்ள வளைவ விட்டுட்டான்."

வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் இதே பேச்சு. மருமகள் பக்கத்திலேயே நின்று டீ கொடுத்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள்கூட மறுத்துப் பேசியதில்லை. இன்றைக்கும் மாமியார் விடவில்லை.

"நாலு பேரு பாத்துட்டு வந்து சொல்றாங்க. டிராக்குல ஆம்பளைங்களோட நின்னு பேசிட்டு இருக்காளாம். புருஷன் செத்த எடத்துல என்னடி வேடிக்கை உனக்கு? நான் அந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்கக்கூட மாட்டேன். உனக்கு மட்டும் எப்படி மனசு வருது?"

"போயாகணும் அத்தை. இன்னிக்குப் புதுப் பசங்க ஓடறாங்க."

"அப்படியா. அப்ப ஒண்ணு கேட்டுக்கோ. இன்னிக்கு இந்த வாசலத் தாண்டினா, அப்படியே உங்கம்மா வீட்டுக்குப் போயிடு. திரும்பி வராத."

மருமகளின் கை ஒரு நொடி கயிற்றிலேயே நின்றது. கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை காலியாக இல்லை. ஸ்டூல்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

வாசலில் பெரியவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். மாமியாரின் மூத்த மகன். மெக்கானிக். தம்பி ஓட்டிய வண்டிக்கு நட்டு போல்ட்டு எல்லாம் இவன் கைதான். அவளைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயை மூடினான்.

"இன்னிக்கு ஒரு நாள் போகாம இரேன்மா. அம்மா கோவத்துல இருக்காங்க."

"நான் போகலேன்னா யாரு மாமா பாப்பாங்க? நீங்க போவீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அம்மாகிட்ட..."

"சொல்ல மாட்டேன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். சும்மா சும்மா கேக்காதீங்க."

அந்தச் சொல்லாத விஷயம் இதுதான்.

வளைவில் விழுகிறவர்கள் தூணில் போய் முட்டக் கூடாது என்று, தூண்களுக்கு முன்னால் வைக்கோல் கட்டுகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கிறவர்கள். அங்கே நிற்கலாம், உட்கார இடம் கிடையாது. மாமியாருக்கோ முட்டி வலி. அதனால் சின்னவன் ஓடும்போதெல்லாம் பெரியவன் வேலியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்து, ஒரே ஒரு வைக்கோல் கட்டை இந்தப் பக்கம் இழுத்து, அம்மாவை அதன் மேல் உட்கார வைப்பான். 'ஒண்ணுதானே' என்பான். கொடி காட்டுகிறவரும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஜெயிக்கிற பையனின் அம்மா. டிராக்கில் எல்லோருக்கும் அவள் அம்மாதான். எழுந்திரு என்று யார் சொல்வது?

சின்னவன் போய் மோதியது அந்த ஒரு கட்டு இல்லாத இடத்தில்.

பார்த்தது கொடிக்காரரும் பெரியவனும் மருமகளும்தான். அம்மா பார்த்தது மகனை மட்டும். ஆஸ்பத்திரியில் பெரியவன் மருமகளின் முன்னால் கைகூப்பி நின்றான். "அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாங்க..." என்றான். அவளும் சரி என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் முதல் முதலாக அந்த 'மூஞ்சியத் தூக்கி வெச்சு' பேச்சைப் பேசினாள். மருமகள் பெரியவனைப் பார்த்தாள். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். அன்றிலிருந்து அந்தப் பழி அவள் பெயரிலேயே நின்றுவிட்டது.

அவள் பஸ் ஏறிப் போனதும் மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"வண்டிய எடுடா."

"எங்கம்மா?"

"டிராக்குக்கு. அவ அங்க என்ன பண்றான்னு என் கண்ணால பாக்கணும்."

"வேணாம்மா. ஒண்ணும் இல்லம்மா அங்க..."

"ஒண்ணும் இல்லாததுக்கு உனக்கு ஏன் இப்படி வேர்க்குது? எடு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தயம் இன்னும் தொடங்கவில்லை. கடைசி வளைவில் கூட்டம். பெரியவன் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். மாமியார் மட்டும் நொண்டி நொண்டி நடந்து, கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

மருமகள் வேலிக் கதவருகே நின்றாள். அவளுக்கு எதிரே கனத்த உடம்புக்காரி ஒருத்தி இழுத்துப் போட்ட வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் எழுந்திருங்கம்மா. இது உக்கார்றதுக்கு இல்ல."

"எங்க அக்கா பையன் ஓடறான் பொண்ணே. காலு கடுக்குது. வரிசையா இத்தனை கெடக்கே, ஒண்ண எடுத்தா என்ன கொறஞ்சா போயிடும்?"

"அந்த ஒண்ணு எடுத்த எடத்துல தூண் தெரியுது பாருங்க. உங்க பையன் அங்கதான் வந்து திரும்புவான். இந்தாங்க, ஸ்டூல். நல்லா சாஞ்சு... சாயாதீங்க, போன வாரம் ஒண்ணு உடைஞ்சிடுச்சு."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே எழுந்து ஸ்டூலுக்கு மாறினாள். மருமகளும் கொடிக்காரரும் கட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளி வரிசையில் சேர்த்தார்கள். மருமகள் கயிற்றால் அதைப் பக்கத்துக் கட்டுகளோடு சேர்த்து இறுக்கினாள். தூண் மறைந்தது.

மாமியார் நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு குனிந்து தன் மடியைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. ஆனாலும் எதையோ தட்டிவிடுகிறவள் மாதிரி கையால் தடவினாள்.

திரும்பிய மருமகள் அவளைப் பார்த்துவிட்டாள். முகம் வெளுத்துப்போனது.

"அத்தை... நீங்க எங்க இங்க? வாங்க, நிக்காதீங்க, ஸ்டூல் இருக்கு..."

"அன்னிக்கு நான் எதுமேலடி உக்காந்திருந்தேன்?"

"நாற்காலியில அத்தை. டிராக் ஆபீஸ்ல இருந்து மாமா எடுத்துட்டு வந்தாரே, அந்த..."

"பொய் சொல்லாத. ஆஸ்பத்திரியில என் துணியெல்லாம் வைக்கோலு. உக்காந்து ஒண்ணு ஒண்ணா எடுத்துப் போட்டுட்டு இருந்தேன். அவன் உள்ள கெடக்கான், நான் வைக்கோல் எடுத்துட்டு இருந்தேன். நாற்காலியில ஏதுடி வைக்கோலு?"

மருமகள் அழுதாள். பின்னாலிருந்து பெரியவன் வந்தான்.

"நான்தாம்மா இழுத்துப் போட்டேன். நீ கால் வலின்னு சொன்ன... அவமேல தப்பு எதுவும் இல்ல. நான்தான் சொல்ல வேணாம்னேன்."

மாமியார் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இழுத்தவன் நீ. உக்காந்தவ நான். பேச்சு வாங்கினது இவ." பிறகு மருமகளிடம் கேட்டாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீங்க எப்படி அத்தை தூங்குவீங்க?"

"நீ தூங்கினியா?"

கொடிக்காரர் கையைக் காட்டி எல்லோரையும் வேலியைவிட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். வண்டிகள் கிளம்பிவிட்டன. அந்தச் சத்தத்தில் பேச முடியாது. மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மருமகள் நகர்த்திய ஸ்டூலில் அவள் உட்காரவில்லை. பந்தயம் முடியும்வரை, முட்டி வலிக்க வலிக்க, நின்றுகொண்டே இருந்தாள். அன்று அந்த வளைவில் யாரும் விழவில்லை. கட்டுகள் அதனதன் இடத்தில் சும்மா இருந்தன.

சாயங்காலம் வீட்டு வாசலில் மருமகள் ஸ்டூல்களோடு தயங்கி நின்றாள். காலையில் சொன்ன சொல் அங்கேயே கிடந்தது. உள்ளே போன மாமியார் திரும்பி வந்தாள். ஸ்டூல்களை வாங்கிக் கீழே வைத்தாள். அப்புறம் மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் போன அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.

"உங்கம்மா வீட்டுக்குப் போயிடுவியாடி?"

"ஸ்டூலெல்லாம் இங்கதானே அத்தை இருக்கு" என்றாள் மருமகள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவன் இரும்பில் ஒரு நீள பெஞ்சு வெல்டிங் செய்து, வேலிக்கு இந்தப் பக்கம் தரையில் ஊன்றினான். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவன் தானாக அந்த வளைவுக்கு வந்தது அன்றுதான். மாமியார் உட்கார்ந்து பார்த்து, ஒரு பக்கம் சாய்கிறது என்று குறை சொன்னாள். பிறகு எழுந்து, வேலிக் கதவைத் தாண்டிக் கட்டின் மேல் உட்காரப் போன ஒருவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஐயா, அங்க வேணாம். இங்க வாங்க, எடம் இருக்கு."

உங்கள் வீட்டிலும் யாராவது அடுத்தவரின் பழியைச் சத்தமில்லாமல் சுமந்திருப்பார்கள். அது எப்படி வெளியே வந்தது, வந்தபின் யார் முதலில் பேசினார்கள் என்று எனக்கு எழுதுங்கள். நிதானமாக எழுதுங்கள், நான் ஒவ்வொன்றையும் படிப்பேன்.