நாசகாரியின் குழாய்

குசினி மூலையில் சாத்தியிருந்த பித்தளைக் குழாயின் வாயிலிருந்து சூடான காற்று வந்துகொண்டிருந்தது. கீர்த்திகா கையை வைத்துப் பார்த்தாள். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. வெளியே மாரி மழை தகரத்தில் கொட்ட, பின்னேரமே இருண்டுபோன குசினியில், மீன்வாடையையும் மீறி எரிந்த எண்ணெய் மணத்தது.

குழாயைக் கொண்டுவந்தவன் அவள் புருஷன் ஜெரோசன். பருத்தித்துறைக் கடலில் சுழியோடிக் கடலட்டை பிடிப்பவன். அடியில் கிடந்த ஜப்பான்காரரின் நாசகாரிப் போர்க்கப்பலில் கழற்றினானாம். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிய கதைதான்.

“மேல்தட்டுக்காரரும் கீழை இயந்திர அறையிலை நிண்டவையும் உதுக்குள்ளாலைதான் கதைக்கிறவை,” என்று நேற்றுச் சொன்னான். “உலக யுத்தத்திலை எத்தினை சிப்பாய்க் கப்பலுக்குக் காவல் போனது. கடைசியா டோர்பிடோ பட்டு முன்பாதி உடைஞ்சு போச்சு. மிச்சமாவது மிதக்கட்டுமெண்டு, கீழை நிண்டவையை உள்ளை வைச்சே கதவைப் பூட்டிப்போட்டினம். அப்பிடியும் கடலுக்கை தாண்டு போச்சு.”

இன்றைக்கும் அந்தக் கப்பலுக்குத்தான் போயிருந்தான். மழைக்கு முன்னமே திரும்பியிருக்க வேண்டியவன்.

குழாய்க்குள் யாரோ தட்டினார்கள்.

பிறகு ஒரு குரல். மீசை அரும்பாத பெடியனின் குரல். திரும்பத் திரும்ப அதே நாலைந்து சொற்கள். மொழி விளங்கவில்லை. கெஞ்சுவது விளங்கியது. கீர்த்திகா பின்வாங்கினாள். ஆனாலும் அது விம்மி அழத் தொடங்க, பாழாய்ப்போன மனம் கேட்கவில்லை. குனிந்தாள்.

“அழாதை தம்பி. வெளியிலை வாவன்.”

அழுகை நின்றது. தட்டுவதும் நின்றது.

வெளியே கேற் திறந்தது. ஜெரோசன்! போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு.

“இஞ்சாருங்கோ, ஏனப்பா இவ்வளவு நேரம்?”

அவன் வாசலில் நின்று சுவரைத் தடவினான். மழையைப் பார்த்தான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குமுறி அழுதான். பிறகு, அவளைப் பார்த்து, இடுப்புவரை குனிந்து வணங்கினான்.

அவள் முதுகுக்குப் பின்னால், குழாய்.

“கீர்த்தி... இஞ்சை ஒரே இருட்டு. கதவைத் திற. கீர்த்தி!”

ஜெரோசனின் குரல்.

வாசலில் நின்றவன் நிமிர்ந்தான். அவளைத் தாண்டி நடந்தான். ஈரக் கால்கள். எண்ணெய் மணம். கலியாண மோதிரம் போட்ட அந்தக் கை நீண்டது. குழாயின் வாயைப் பொத்தியது. இறுக்கி.