குதிரை பறப்பதைக் காட்டாத படம்

ஓசூரில் காலைக் காட்சி பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது முனிலட்சுமி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"படம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று அப்பா ஆஞ்சப்பன் கேட்டார்.

"நீங்களும்தானே பாத்தீங்க?"

"எங்க பாத்தேன்? நைட் ஷிப்டு முடிச்சு நேரா வந்தவன். திரையும் இருட்டாவே இருந்துச்சா, நல்லாத் தூங்கிட்டேன்."

தூங்கியதால் அப்பாவுக்கு ஒன்றும் நட்டமில்லை என்று முனிலட்சுமி நினைத்துக்கொண்டாள்.

போன வருஷம் 'மேகக்கோட்டை' வந்தபோது அவளும் தம்பி சம்பங்கியும் அதை மூன்று தடவை பார்த்தார்கள். அதில் இளவரசனைச் சுமந்துகொண்டு வெள்ளைக் குதிரை மலை உச்சியிலிருந்து பாய்ந்து பறக்கும். கீழே ஆறு நூல்போலத் தெரியும். குதிரையின் நிழல் வயல்கள்மீது ஓடும்.

இரண்டாம் பாகத்தின் சுவரொட்டியைப் பார்த்த நாள்முதல் சம்பங்கி நாள் எண்ணிக்கொண்டிருந்தான். சரியாகப் படம் வந்த வாரத்தில் அவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்துவிட்டது. இரண்டு கன்னமும் பன்னுபோல வீங்கிவிட்டன.

"ஒண்ணு விடாம பாத்துட்டு வந்து சொல்லுக்கா" என்று அனுப்பியிருந்தான்.

என்னவென்று சொல்வது? இந்தப் படத்தில் குதிரை பறக்கும்போதெல்லாம் இளவரசனின் முகத்தை மட்டுமே காட்டினார்கள். அவன் தலைமுடி காற்றில் ஆடியது. அவ்வளவுதான். சண்டையெல்லாம் ஒரே இருட்டு. யார் யாரை வெட்டுகிறார்கள் என்றே தெரியவில்லை. கேமரா ஆடிய ஆட்டத்தில் தலைதான் சுற்றியது.

வீட்டில் சம்பங்கி வாசற்படியில் தலைவைத்துப் படுத்துக் காத்திருந்தான்.

"குதிரை எவ்ளோ உசரம் பறந்துச்சுக்கா?"

மேகத்துக்கு மேலே என்று சொல்லிவிடலாம். அவன் முகம் மலர்ந்துவிடும். ஆனால் உடம்பு தேறியதும் அவனும் படத்தைப் பார்க்கத்தானே போகிறான்? அப்புறம் அக்கா சொல்வது எதையுமே நம்பமாட்டான்.

"பறந்துச்சாம்டா. ஆனா, காட்டல" என்றாள்.

சம்பங்கி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் லேசாகக் குலுங்கியது.  பொய்யே சொல்லியிருக்கலாமோ என்று முனிலட்சுமி நினைத்தாள்.

அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சம்பங்கி, உன் கையில கேமரா குடுத்தா, எங்க நின்னு எடுப்ப?" என்று கேட்டாள்.

சம்பங்கி விரலால் சுவரைச் சுரண்டினான்.

"நானா இருந்தா கெலவரப்பள்ளி டேம் மேல நின்னு எடுப்பேன்" என்றாள்.

"அங்கிருந்து பாத்தா குதிரை எறும்பாட்டம் தெரியும்" என்றான் சுவரைப் பார்த்தபடியே.

"அப்போ எங்க?"

அவன் மெல்லத் திரும்பினான். படுத்தபடியே வெளியே பார்த்தான். எதிரே இருந்த பாறைகளில் பக்கத்து வீட்டு நஞ்சம்மாவின் வெள்ளாடு மேய்ந்துகொண்டிருந்தது. அது ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குத் தாவியது.

"அக்கா, ஆடு பறக்குது."

"எங்கடா? சும்மா குதிக்குது."

"நின்னு பாத்தா அப்படித்தான். இங்க படுத்துப் பாரு."

முனிலட்சுமி தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தாள். அங்கிருந்து பார்த்தால் முள்செடிகள் தெரியவில்லை. அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைச் சுவரும் தெரியவில்லை. பாறைகளுக்கு மேலே வானம் மட்டும்தான். ஆடு மறுபடி தாவியது. ஒரு நொடி, அதன் நான்கு கால்களுக்கும் கீழே நீல வானம் விரிந்து கிடந்தது.



"இப்படி எடுத்திருக்கணும்டா" என்றாள் மெதுவாக.

"அவங்க யாரும் படுத்துப் பாக்கல போல" என்றான் சம்பங்கி. சிரிக்கப் பார்த்தான். கன்னம் வலித்ததால் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான்.

அப்போது அம்மா ருக்மணி தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். இரண்டு தலைகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன.

"உனக்கும் வீங்கிடுச்சாடி?"

"இல்லம்மா. ஆடு பறக்குது, பாக்குறோம்."

அம்மா ஆட்டைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். குடத்தை இறக்கி வைத்தாள். தெருவில் யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றாள்.