இருபது கேபிக்குள்

ருக்ஷானாவின் கீழுதட்டோர மச்சத்தைப் படத்தில் காணவில்லை.

முதஸ்ஸிர் திரையை நெருங்கிப் பார்த்தான். மனைவியின் ஆசிரியர் தேர்வு விண்ணப்பத்துக்குப் படம் ஜேபிஜி வடிவில், இருபது கேபி அளவுக்குள் இருக்க வேண்டும். இன்றே கடைசி நாள். கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவனுக்கு இது தினப்பாடு. அவன் எழுதி வைத்திருந்த பைதான் நிரல் படத்தைத் திறக்கும், தரத்தைக் குறைத்து அதே பெயரில் சேமிக்கும். அளவு இறங்காவிட்டால் அதையே மறுபடி திறந்து மறுபடி குறைக்கும். ஜேபிஜி கைதேர்ந்த வியாபாரி. கண்ணுக்குத் தப்புவதையெல்லாம் உருவிக்கொண்டு, மிச்சத்தை முழுச் சரக்கென்று தலையில் கட்டிவிடும். ஒரு மச்சம் போனால் எந்த அதிகாரி தேடப்போகிறான்?

கல்வராயன் மலைப்பக்கமிருந்து இறங்கிய மழை கூரைத் தகரத்தில் ஓயாமல் அறைந்துகொண்டிருக்க, கடைக்குப் பின்னாலிருந்த வீட்டிலிருந்து இஞ்சி நசுக்கும் ஓசையும், நனைந்த சாக்கின் வாடையும், அதற்கடியில் எங்கோ ஒயர் கருகுவது போன்ற மெல்லிய நெடியும் வந்தன.

ருக்ஷானா திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "ஏறிடுச்சாங்க?"

"இன்னும் ஜாஸ்தியாம். கம்மி பண்ணிக்கினு இருக்கேன்."

"இன்னா, உங்க கம்ப்யூட்டரும் உங்க அத்தா மாதிரியே பேரம் பேசுது?"

"உன் மூஞ்சிக்கு இருபதே ஜாஸ்தின்னுது."

அவள் சிரித்தாள். சிரித்த உதட்டின் ஓரம் வழுவழுவென்று இருந்தது.

"இன்னாங்க அப்டி பாக்குறீங்க?"

"உன் மச்சம் எங்க?"

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். மறுபடியும் தடவினாள். "வெளாடாதீங்க" என்றாள். பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினாள்.

திரையில் படம் மாறியது. புருவங்கள் வெறும் நிழலாகிவிட்டன.

உள்ளே ஏதோ உருண்டு விழுந்தது.

"மூஞ்சி இழுக்குதுங்க." அவள் குரலில் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. "இன்னா பண்றீங்க அங்க? கண்ணு மறைக்குது. நிறுத்துங்க!"

அவன் விசைகளை அழுத்தினான். நிரல் நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். யூபிஎஸ் கீச்சிட்டது; திரை அணையவில்லை. படத்தின் அளவு காட்டும் எண் இறங்கியது. நாற்பது. முப்பத்தொன்று.

"நிறுத்து..."

இருபத்து நான்கு.

"நிறு..."

பத்தொன்பது. நிரல் தானாக நின்றது.

மழை மட்டும் கேட்டது.

மூலப்படம் கையில் இல்லை. எல்லாம் ஒரே பெயரில், ஒன்றின் மேல் ஒன்று. இருப்பது இது ஒன்றுதான். இனி ஒரு முறை ஜேபிஜியில் பட்டால் இன்னும் போகும். நட்டத்தை இங்கேயே நிறுத்த வேண்டும். பிஎன்ஜி! ஜேபிஜி போலன்றி அந்த வடிவம் நாணயமானது. கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும். ஒரு புள்ளி குறையாது, என்றைக்கும். படத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், கண்ணை மூடிக்கொண்டு பிஎன்ஜியாகச் சேமித்தான்.

சேமிக்கப்பட்டது.

திரைச்சீலை விலகியது.

இரண்டு டம்ளர்களோடு அவள் வந்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே தோல். கண்களிருந்த இடத்தில் இரண்டு மங்கிய சதுரங்கள். மேசை விளிம்பைத் தொட்டுத் தொட்டு அவனிடம் வந்து ஒரு டம்ளரை நீட்டினாள்.

மற்றதைத் தன் முகத்துக்கு உயர்த்தினாள். சூடான டீ தோலில் முட்டி, தாடை வழியாகக் கழுத்தில் இறங்கியது. ஆவி பறந்தது. டம்ளரைத் தாழ்த்தினாள். வேறு இடத்தில் வைத்துச் சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம் கீழே.