இறங்க மறுத்த கண்ணாடி!

"ஐயோ... என்னங்க!"

ஸ்ரீவைகுண்டம் கல்யாண மண்டபமே அதிர்ந்தது. நாதஸ்வரம் பாதி ராகத்தில் நின்றது.

சாமான் அறைக்குள் கோமதிசங்கர் குப்புறக் கிடந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமன். நரைத்த தலை. நெற்றிப்பொட்டில் அடி... ரத்தம் பட்டு வேட்டி வரை ஓடியிருந்தது. அலறியது அவர் மனைவி வடிவம்மாள்.

தாலி கட்டும்போது அட்சதை போட்ட மனுஷன், பந்தி போடும்போது பிணம்!

அதற்காகப் பந்தி நின்றுவிட்டதா என்ன? இலைக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். எழுந்தால் இடம் போய்விடுமே!

இன்ஸ்பெக்டர் ராஜராஜேஸ்வரி வந்து சேருவதற்குள் கூட்டம் தீர்ப்பே சொல்லிவிட்டது.

"இந்தப் பாபநாசம்தான் மேடம்!" வடிவம்மாள் விரலை நீட்டினாள். "எம் புருஷனுக்கு முதல் மாலை போட்டாகன்னு, 'உன்னைக் கொல்லாம விடமாட்டேன்'னு காலையிலேயே குதிச்சான்!"

பாபநாசம் செத்தவரின் பங்காளி. சரிகை வேட்டி, விரலுக்கு விரல் மோதிரம், மூக்கைத் துளைக்கும் செண்ட். பேரன் எடுத்த வயசில் ஒரு மாலைக்காகக் குதித்த மகா புருஷர்!

"அது வாய்ப்பேச்சு மேடம்! தாலி கட்டுனதுலேருந்து நான் மேடையை விட்டு இறங்கவே இல்ல!"

"யாரு பார்த்தா?"

மேடையில் நின்றவர்கள் பக்கத்தில் நின்றவரையா பார்த்தார்கள்? எல்லோரும் கேமராவைத்தானே பார்த்தார்கள்!

"போட்டோ இருக்கு மேடம்!" பாபநாசம் முன்னால் வந்தார். "எல்லாக் குரூப்லயும் நான் நிக்கேன். ஃபிளாஷ் அடிச்சு அடிச்சுக் கண்ணே கூசிப் போச்சு. ஏலே சிவகணேஷ்... சொல்லுலே!"

போட்டோகிராபர் சிவகணேஷ் தூணோரம் நின்றான். முகத்தில் முத்து முத்தாய் வியர்வை.

"அண்ணாச்சி நின்னாக மேடம். ஆனா... கேமரா மக்கர் பண்ணுது. பிலிமை வெளிய எடுக்க முடியாது."

"கொண்டா இங்கன."

பழைய ஜப்பான் கேமரா. செங்கல் கனம். ராஜராஜேஸ்வரி லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தாள். படம் எடுக்கும்போது மேலே ஏறி, உடனே கீழே இறங்க வேண்டிய சின்னக் கண்ணாடி... ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது. பிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளினாள். அசையவில்லை.

"பேட்டரி தீர்ந்திருக்கும் மேடம். திருநெல்வேலி போய்தான் வாங்கணும். நாளைக்கு..."

"இதுல பேட்டரி வெளிச்சம் அளக்குற முள்ளுக்கு மட்டுந்தான்யா! பேட்டரியே இல்லாம கண்ணாடி ஏறும், இறங்கும். யாருகிட்ட கதை விடுதே?"

போலீஸ் போட்டோப் பிரிவில் சில வருஷம் குப்பை கொட்டியவள் இந்த அம்மாள் என்று சிவகணேஷுக்கு எப்படித் தெரியும்?

"அப்ப ஸ்பிரிங் போயிருக்கும் மேடம்... மதுரைக்கு அனுப்பினா..."

"ஜப்பானுக்கே அனுப்பலாமே!"

செல்ஃப் டைமரைத் தட்டிப் பார்த்தாள். அதில் கோளாறு இல்லை. வேகம் மாற்றும் வட்டைத் திருகினாள். ம்ஹூம்! கேமராவைக் கவிழ்த்தாள்.

அடித்தகட்டின் ஒரு மூலை உள்ளே அமுங்கியிருந்தது.

"கீழ விழுந்துச்சா?"

"ஆமா மேடம்! மேடைப் படியில!"

"லென்ஸ்ல ஒரு கீறல்கூட இல்லாம? அதிர்ஷ்டக்காரன்தான்!"

ஏட்டு பாக்கியசீலன் சிவகணேஷின் பையைத் துழாவிச் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தார். லீவர் சுற்றுகிற பல்சக்கரங்கள் அடித்தகட்டுக்குள்தான் இருக்கும். அமுங்கிய தகடு ஒரு சக்கரத்தை நெருக்கிப் பிடித்திருந்தது. தகட்டைக் கழற்றினாள். லீவரைப் பைய நகர்த்தினாள்.

டக்!

கண்ணாடி இறங்கியது. பாபநாசத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்பாடா! பிலிமைக் கழுவிப் பாருங்க மேடம்... நான் சொன்னது தெரியும்!"

ராஜராஜேஸ்வரி கழற்றிய தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைக்குட்டையில் பத்திரமாய் மடித்தாள். பிறகு மறுபடி லீவரைத் தள்ளினாள்... இடது ஓரத்துக் குமிழைப் பார்த்தபடி.

"ஏன்யா, உள்ள பிலிம் ஓடுச்சுன்னா இந்தக் குமிழும் கூடவே சுத்தணுமே? சும்மா நிக்குதே?"

"மேடம்... தொறக்காதீங்க மேடம்! பிலிம்ல வெளிச்சம் படும்!"

திறந்தாள்.

உள்ளே பிலிமே இல்லை!

சிவகணேஷ் தலையைக் குனிந்துகொண்டான். "தாலி கட்டுற வரைக்கும் நிஜமாவே எடுத்தேன் மேடம். அந்த ரோல் பையில இருக்கு. அதுக்கப்புறம் மேடை ஏறுனவுகளுக்கெல்லாம் வெத்து ஃபிளாஷ்தான்! ஊர்ல எல்லாரும் பண்ணுததுதானே? பிலிம் விக்கிற விலையில ஒவ்வொரு சித்தப்பாவையும் எடுத்தா கட்டுபடியாகுமா?"

கூட்டம் கொதித்தது.

"அடப்பாவி! இந்தப் போட்டோவுக்காக மூணு சேலை மாத்துனேனே!" என்று ஒருத்தி நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கோமதிசங்கர் செத்ததற்குக்கூட அவள் இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

பாபநாசம் தொப்பென்று உட்கார்ந்தார். இருந்த ஒரே சாட்சியும் காற்றில் போயிற்று. இனி ஜெயில்தான்... தூக்குதான்!

"ஏட்டய்யா, விலங்கை எடுங்க."

பாபநாசம் அழுதபடி இரண்டு கைகளையும் நீட்டினார்.

"நீங்க இல்ல அண்ணாச்சி. அவன்!"

சிவகணேஷ் திடுக்கிட்டான். "நானா? நான் என்ன..."

ராஜராஜேஸ்வரி கைக்குட்டையை விரித்தாள். தகட்டின் உள் ஓரத்தில் காய்ந்த ரத்தம். அதில் ஒட்டிய நரைமுடி!

"வெளிப்பக்கம் நல்லாத்தான் துடைச்சிருக்கே. இடுக்குல துடைக்கலியே! மேடைப் படிக்கு எப்பய்யா தலை நரைச்சுது?"

அவ்வளவுதான். சிவகணேஷ் உடைந்து போனான்.

"அவரு பாம்பேயில கேமரா வச்சிருந்தவராம் மேடம். குமிழைக் கவனிச்சிட்டாரு. சாமான் அறைக்கு என் பின்னாலேயே வந்து, 'குமிழ் சுத்தலையேலே, இப்பவே மைக்குல சொல்லுதேன்'னாரு. சொல்லிட்டா இந்த ஆத்தங்கரை ஊருகள்ல ஒருத்தன் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவானா? காலைப் பிடிச்சேன்... கேக்கல. கையில கேமராதான் இருந்துச்சு..."

பிலிமில் மிச்சம் பிடிக்கப் பார்த்தவன், ஓர் உயிரைச் செலவு பண்ணிவிட்டான். சீ!

விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். தூக்குக் கயிற்றிலிருந்து தப்பிய பாபநாசம் நன்றி சொல்வார் என்று நினைத்தால்...

"இருங்க மேடம். அப்ப என்னைய எடுத்ததும் வெத்துதானா?"

"ஆமா."

"ஒண்ணுலகூட நான் விழலியா?"

"இல்ல."

மனுஷர் முகம் செத்துப் போயிற்று. கொலைகாரன் என்றபோதுகூட இத்தனை வாடவில்லை!

அந்நேரம் பாளையங்கோட்டையிலிருந்து போலீஸ் போட்டோகிராபர் கேமராவோடு உள்ளே நுழைந்தார். பாபநாசம் சட்டென்று கண்ணைத் துடைத்தார். சீப்பை எடுத்துத் தலையை வாரினார். வேட்டி மடிப்பை நீவிவிட்டு, சாமான் அறை வாசலில் சிரித்தபடி நின்றார்.

"மேடம்... இவரு நிஜமா பிலிம் போட்டிருக்காராமா?"

"போட்டிருக்காரு. ஆனா இவரு பொணத்தை மட்டுந்தான் எடுப்பாரு. ரொம்ப ஆசையா இருந்தா, பக்கத்துல போய்ப் படுத்துக்கிடுங்க அண்ணாச்சி!"